வெர்னாவுக்கு எந்த மாசம்

பீட்டர்ஸ்பர்க் படகுத்துறையில் நிற்கிற யாரிடம் வேண்டுமானாலும் போய், அலாஸ்காவின் இந்தத் தீவுகளைப் படகில் சுற்றிப் பார்க்க எந்த மாசம் வந்தால் நல்லது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் நான் என் பேரை மாற்றி வைத்துக்கொள்கிறேன். இறால் பிடிக்கிறவன் மே என்பான். சால்மன் வலைக்காரன் ஜூலையைத் தவிர எதுவானாலும் சரி என்பான். ஜூலையில் அவனுக்குத் துறையில் இடம் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். வருகிறவனுக்கு எது நல்லது என்று யோசிக்க மாட்டார்கள், தங்களுக்கு எது இடைஞ்சல் இல்லையோ அதைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ராக்னா ஹோலன் மட்டும் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். அவளுக்கு அது பிழைப்பு. அவளும் புருஷன் ஹால்வரும் 'சிக்னி' என்ற பழைய மரப்படகில் ஆறேழு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, பெரிய கப்பல் நுழைய முடியாத குடாக்களுக்குள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார்கள். ஹால்வர் கேப்டன். சமையல், படுக்கை, துணி, டெலிபோன் எல்லாம் ராக்னா. குளிர்காலம் முழுக்க அடுப்படிச் சுவரில் அந்தப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தவுடன் ராக்னா கேட்பது ஒன்றுதான்: "என்ன பார்க்கணும்னு ஆசைப்படுறீங்க?" பறவை என்றால் மே என்பாள். பனிக்கட்டி மேல் சீல் குட்டி போட்டிருப்பதைப் பார்க்க ஜூன். திமிங்கிலம் கூட்டமாக வாயைப் பிளந்துகொண்டு எழும்புவதைப் பார்க்க ஜூலை. ஓடையில் கரடி மீன் பிடிப்பதைப் பார்க்க ஆகஸ்ட். மழை இல்லாத மாசம் எது என்று எவராவது கேட்டால், அதற்கு வேறு ஊர் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

ஹால்வர் போனை எடுத்து யாரும் பார்த்ததில்லை. அவன் நாற்காலி போனுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். அது பாட்டுக்கு அடிக்கும், இவன் பாட்டுக்குக் காபி குடிப்பான். அவனுக்குப் போன் என்றாலே ஆகாது என்றுதான் ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தது. ராக்னாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவனுக்கு அது அடிப்பதே கேட்கவில்லை.

இளவட்டத்திலிருந்து டீசல் எஞ்சினுக்கு மேலே தூங்கி எழுந்தவன். எங்கள் ஊரில் மீன்பிடிக்கிற ஆம்பிளைகளுக்குக் காது போவதும், கிழவிகள் கத்திக் கத்தித் தொண்டை போவதும் சகஜம். ஆனால் மற்றவர்களெல்லாம் "என்னது, என்னது" என்று கேட்டுத் தொலைப்பார்கள். ஹால்வர் கேட்க மாட்டான். எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்று தலையாட்டுவான். காது போனது தெரிந்தால் கேப்டன் வேலை போய்விடும் என்ற பயம். அதை விட, ஒத்துக்கொள்ள மனசு வராத வீம்பு.

போன ஆகஸ்டு வரைக்கும் ராக்னாவும் அதைக் கண்டுகொள்ளாத மாதிரிதான் இருந்தாள். அந்த ஆகஸ்டில் ஒரு காலை, ஊருக்குத் திரும்புகிற வழியில், இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள குறுகலான கால்வாயில் மூடுபனி இறங்கிவிட்டது. கீழே படுக்கைகளில் விருந்தாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு இழுவைப் படகு எதிரே சங்கு ஊதிக்கொண்டு வந்தது. அடுப்படியில் நின்ற ராக்னாவுக்கே காதைக் கிழிக்கும்படி கேட்டது. ஹால்வர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நேரே போய்க்கொண்டிருந்தான். அவள் ஓடிப்போய் அவன் கைக்கு மேலே கை வைத்துச் சுக்கானைத் திருப்பினாள். பக்கத்தில் இரும்புச் சுவர் ஒன்று ஈரமாக நகர்ந்து போனது.

"பார்த்துட்டேன், பார்த்துட்டேன்," என்றான் ஹால்வர்.

அன்றைக்கு ராக்னா மனசுக்குள் ஒரு முடிவெடுத்தாள். இன்னும் ஒரே ஒரு பருவம். அதற்குள் இவன் தானாகக் காது டாக்டரிடம் போகவில்லை என்றால் படகைக் கட்டிப்போட்டுவிட வேண்டியதுதான். சிக்னி இல்லாவிட்டால் இருவருக்கும் என்ன இருக்கிறது என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் பிறத்தியார் உயிரை வைத்து விளையாட முடியாதே. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போ என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் அவனுக்கு அதுவும் கேட்கவில்லை.

வெர்னா டட்டிலின் போன் வந்தது பிப்ரவரியில், ஆலங்கட்டி மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்.

"சிக்னி படகுக்காரங்க வீடா? நான் ஒஹாயோவிலேர்ந்து பேசுறேன். எந்த மாசம் வந்தா நல்லதுன்னு கேக்கணும்மா."

"சொல்றேன்மா. என்ன பார்க்கணும்னு ஆசைப்படுறீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு வந்தது.

"நான் எதையும் பார்க்க முடியாதே. எனக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

ராக்னாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ஐயோ, தெரியாம கேட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குறே? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நாலஞ்சு இடத்துக்குப் போன் பண்ணிட்டேன். எல்லாரும் ஜூலைங்கிறாங்க. ஏன் ஜூலைன்னா, காட்சி நல்லாருக்குமாம். கண்ணு தெரியாதுன்னு சொன்னா, பரவாயில்லை, சாப்பாடு நல்லாருக்கும்ங்கிறாங்க. சாப்பிடறதுக்கு நான் எதுக்கு அலாஸ்கா வரணும்? நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. காதை வச்சே பொழைச்சவ. காதுக்கு எந்த மாசம் நல்லதுன்னு சொல்லு, அப்ப வர்றேன்."

இத்தனை வருஷத்தில் ராக்னாவிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"யோசிச்சே சொல்லு, அவசரமில்லை," என்றாள் வெர்னா. "ஆமா, அங்க ரேடியோ அலறுதே. உன் வீட்டுக்காரருக்குக் காது மந்தமோ?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை," என்றாள் ராக்னா சட்டென்று.

"சரிம்மா, நான் கேக்கலை," என்று வெர்னா போனை வைத்துவிட்டாள்.

ராக்னாவுக்கு அதற்குப் பிறகு வேலையே ஓடவில்லை. ஒவ்வொரு மாசத்தையும் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். மே மாசம் காட்டுக்குள் அந்த ஒற்றைச் சுருதிக் குருவி கூப்பிடும், நல்லதுதான், ஆனால் கரையில் இறங்கிச் சகதியில் நடக்க வேண்டும். ஜூனில் சீல் குட்டிகள் குழந்தை மாதிரி அழும், ஆனால் தாய் பயந்து ஓடிவிடும் என்று நாம் கிட்டே போவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் திமிங்கிலம் மூச்சு விடுவது கேட்கும். கேட்கும் என்றா சொன்னேன்? எங்கே கேட்கிறது? பெரிய கப்பல்கள் வரிசையாக உறுமிக்கொண்டு போகும், மேலே தண்ணீரில் இறங்குகிற விமானங்கள் ஈ மொய்ப்பதாக மொய்க்கும், மீன்பிடிப் படகுகள் விடிய விடிய எஞ்சினை நிறுத்தாது. ஊரே கொண்டாடுகிற மாசம் காதுக்கு நரகம். அவளுக்கே இது இப்போதுதான் உறைத்தது.

கப்பல்களெல்லாம் போன பிறகு, செப்டம்பர் கடைசியில், கடல் வாயை மூடிக்கொள்ளும். மழை பெய்யும், காற்று அடிக்கும். மழை விட்டு வடகாற்று திரும்புகிற ஏதோ ஒரு நாளில், வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த நாரைகள் எல்லாம் ஒரே மூச்சில் தலைக்கு மேலே தெற்கே போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் எங்கள் ஊரில் கடையில் நிற்கிறவன்கூட வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பான். அந்த நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாது. வரவில்லை என்றால் மழையைக் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

மறுநாள் ராக்னா வெர்னாவைக் கூப்பிட்டாள். "செப்டம்பர் கடைசி. நாரை கூட்டங்கூட்டமாக் கத்திக்கிட்டுப் போகும். ஆனா உத்தரவாதம் கிடையாது."

"உத்தரவாதம் இருக்கிற எதையும் இந்த வயசுல நான் வாங்கறதில்லை," என்றாள் வெர்னா. "நானும் என் தங்கச்சி ஓப்பலும் வர்றோம்."

போனை வைத்த பிறகுதான் ராக்னா தலையில் கையை வைத்துக்கொண்டாள். செப்டம்பர் கடைசி என்றால் மூஸ் வேட்டை. அந்த மானைச் சுட வருஷத்தில் ஒரே ஒரு மாசம்தான் அனுமதி. அந்த மாசம் எங்கள் ஊரில் குழாய் ரிப்பேர்காரன் கிடைக்க மாட்டான், கல்யாணம் நடக்காது, செத்தால்கூடக் கொஞ்சம் தள்ளிச் சாகச் சொல்வார்கள். ஹால்வர் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்ததிலிருந்து ஒரு வேட்டையைத் தவறவிட்டதில்லை. ராக்னாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோதுகூட ஆற்றங்கரையில் துப்பாக்கியோடு இருந்தவன்.

அன்று சாயங்காலம் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அவனுக்கு முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "செப்டம்பர் கடைசில ரெண்டு பொம்பளைங்க வர்றாங்க. உனக்கு இந்த வருஷம் மூஸ் கிடையாது."

"சரி, சரி," என்றான் ஹால்வர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் நாளைக்கு எவன்கூடவாவது ஓடிப்போகலாம்னு இருக்கேன்."

"நல்லது, செய்."

ராக்னா குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. அவனுக்கு அதுவும் கேட்கவில்லை.

விஷயம் உடைந்தது ஆகஸ்டு கடைசியில். ஹால்வரின் வேட்டைக் கூட்டாளி கஸ், துறையில் வைத்து அவனை வழிமறித்தான். கஸ்ஸின் குரல் செத்தவனை எழுப்பும், அதனால்தான் ஹால்வருக்கு அவனைப் பிடிக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"என்னடா, இந்த வருஷம் மூஸுக்கு வரலையாமே? பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு உல்லாசப் பயணமாமே?"

ஹால்வர் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தான். "யாரைக் கேட்டு செப்டம்பர் கடைசிக்கு ஒத்துக்கிட்டே?"

ராக்னா கையைத் துடைத்துக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "உன்னைக் கேட்டுத்தான். இதே இடத்துல நின்னு சொன்னேன். சரி, சரின்னே."

ஹால்வர் வாயைத் திறந்தான். நான் சரி சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கேட்கவில்லை என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். மீனாட்டம் வாயை இரண்டு தரம் திறந்து மூடினான்.

"என்ன, ஞாபகம் இல்லையா? இல்லை, காதுல விழலையா?" என்றாள் ராக்னா. இப்போதாவது சொல்லிவிடு கிழவா, சொல்லிவிடு என்று உள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இருக்கு," என்றான் ஹால்வர். "நான்தான் சொன்னேன். போகலாம்."

வெளியே போய்த் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்பவும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். காது போனதை ஒத்துக்கொள்வதை விட அவன் மூஸையே விட்டுக்கொடுத்துவிட்டான். ராக்னாவுக்கு அன்றைக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. இதுதான் சிக்னியின் கடைசிப் பயணம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெர்னாவும் ஓப்பலும் வந்து இறங்கினது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை கிளம்புவதாக ராக்னா ஏற்பாடு செய்திருந்தாள். விமானம் கிடைத்த நாளைப் பார்த்தாளே தவிரக் கிழமையைப் பார்க்கவில்லை. மீனவன் வீட்டுப் பெண் செய்யக்கூடாத தப்பு. வெள்ளிக்கிழமை கடலுக்கு ஆகாத நாள் என்று எங்கள் துறையிலிருந்து எந்தப் படகும் பயணம் தொடங்காது. ஹால்வர் ஒரே பிடியாக மாட்டேன் என்றான். கடைசியில் எல்லாரும் செய்கிற தில்லுமுல்லையே செய்தார்கள். வியாழன் சாயங்காலமே இருவரையும் ஏற்றி, கயிற்றை அவிழ்த்து, அலைதடுப்புச் சுவரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, அந்தப் பக்கத்து டீசல் மேடையில் மறுபடியும் கட்டினார்கள்.

"வந்துட்டோமா?" என்றாள் ஓப்பல்.

"கிளம்பிட்டோம்," என்றான் ஹால்வர் கம்பீரமாக. "வியாழக்கிழமையே கிளம்பிட்டோம். இனிமே நாளைக்குப் போறதெல்லாம் அதே பயணம்தான்."

வெர்னாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

வெள்ளி முழுக்க மழை. சனி முழுக்க மழை. ஞாயிற்றுக்கிழமை மழையோடு காற்றும் சேர்ந்துகொண்டது. மலை தெரியவில்லை, பனியாறு தெரியவில்லை, படகின் மூக்குக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஓப்பல் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடியோரம் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"ஒண்ணுமே தெரியலையே அக்கா."

"இப்பதான் நீயும் நானும் ஒரே மாதிரி ஆயிருக்கோம்," என்றாள் வெர்னா.

அவள் குறைப்பட்டுக்கொள்ளவே இல்லை. கூரையில் விழுகிற மழை வேறு, கடலில் விழுகிற மழை வேறு, காட்டுக்குள் விழுகிறது வேறு என்று பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நங்கூரச் சங்கிலி இறங்குகிற சத்தத்துக்காகவே சாயங்காலம் மேலே வந்து நிற்பாள். இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு திமிங்கிலம் பக்கத்திலேயே மூச்சு விட்டது. புஸ்ஸென்று அது விட்ட மூச்சில் மீன் வாடை முகத்தில் அடித்தது. வெர்னா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாரோ பெரிய மனுஷன் தூக்கத்துல புரண்டு படுக்கிறாரு," என்றாள்.

ராக்னாவுக்குத்தான் நிம்மதி இல்லை. நாரை வரவில்லை. வெர்னாவை இவ்வளவு தூரம் மழையில் நனைய வைக்கவா கூட்டி வந்தோம் என்று குமைந்தாள். போதாக்குறைக்கு, ஹால்வரும் வெர்னாவும் பேசிக்கொள்வதைக் கேட்கக் கேட்க அவளுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது.

"கேப்டன், இந்தக் குடாவுல ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்பாள் வெர்னா.

"சரி, சரி," என்பான் ஹால்வர்.

"நான் கேட்டது சரி, சரின்னு பதில் சொல்ற கேள்வி இல்லையே கேப்டன்."

அவன் திரும்பி அவள் உதட்டைப் பார்ப்பான், மறுபடி கேட்கச் சொல்லாமல் எழுந்து போய்விடுவான். முகத்தைப் பார்த்துச் சமாளிக்கிற வித்தையெல்லாம் ஊரில் எல்லாரிடமும் பலித்தது. அவன் முகமே தெரியாத வெர்னாவிடம் ஒரு சிரிப்பையோ தலையாட்டலையோ கொடுத்துத் தப்பிக்க அவனுக்கு வழியில்லை.

கடைசி நாள் காலை ராக்னா கண் விழித்தபோது படகு அசையாமல் கிடந்தது. மேலே வந்து பார்த்தாள். வானம் கழுவிவிட்டது போல இருந்தது, மலைகளில் புதுப்பனி, முகத்தில் வடகாற்று சுள்ளென்று குத்தியது. அவள் கீழே ஓடி ஜெனரேட்டரை நிறுத்தினாள், ஃபிரிட்ஜைக்கூடப் பிடுங்கிப் போட்டாள். வெர்னாவைக் கம்பளியில் சுற்றி மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஹால்வரின் கையில் இரண்டு காபியைக் கொடுத்து அவளுக்குத் துணையாக உட்கார் என்று சைகை காட்டினாள். பிறகு அடுப்படிக்கு வந்து, தலைக்கு மேலே இருக்கிற மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மீன் உருண்டை பொரிக்க ஆரம்பித்தாள். மேலே பேசுவதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

முதல் ஈடு பொரிந்து வந்தது. பிறகு வெர்னா கையை நீட்டி அவன் முழங்கையைத் தொட்டாள். "வருது," என்றாள்.

"என்ன வருது?"

வெர்னா அவன் பக்கம் முகத்தைத் திருப்பி, எக்ஸ்சேஞ்சில் பேசின குரலில் நிறுத்திச் சொன்னாள். "உங்க நாரை. அதோ, அந்தப் பக்கம்."

"ஒண்ணும் காணோமே." நாற்காலி கிரீச்சிட்டது, அவன் எழுந்திருக்கிறான். "அங்க மலை மட்டும்தான் இருக்கு. இரு. இரு, இரு. மலைக்கு மேல நூல் மாதிரி ஒரு கோடு. கோடு இல்லை, ரெண்டு கோடு. அம்மாடி, பின்னாலயே இன்னும் வருது. வானம் முழுக்க வருதும்மா. கழுத்தை நீட்டிக்கிட்டு, காலைப் பின்னால நீட்டிக்கிட்டு, சும்மா மிதந்துக்கிட்டு வருது. வெயில் பட்டு வயிறெல்லாம் பளபளங்குது."

இவ்வளவு வார்த்தை ஹால்வர் சேர்ந்தாற்போலப் பேசி ராக்னா கேட்டு வருஷங்களாயிற்று. அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். இப்போது அவளுக்கும் சத்தம் கேட்டது, மேலேயிருந்து அலையலையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாச் சொல்றீங்க," என்றாள் வெர்னா. "சத்தம் எப்படி இருக்கு கேப்டன்? உங்களுக்கு எப்படிக் கேக்குது?"

ராக்னா அடுப்பை விட்டு மூடிக்குக் கீழே வந்து அண்ணாந்து நின்றாள். சரி, சரி என்று சொல்லப்போகிறான், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"கேக்கலை," என்றான் ஹால்வர். "எனக்கு ஒண்ணும் கேக்கலைம்மா. ரொம்ப வருஷமாச்சு. போன வருஷம் பனியில ஒரு படகு ஊதிக்கிட்டு எதிர்க்க வந்துது, அதுகூடக் கேக்கலை. அவதான் ஓடி வந்து திருப்பினா. எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்லை."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா படகை நிறுத்திருவா. படகை நிறுத்திட்டா எனக்கும் அவளுக்கும் என்ன இருக்கு?"

வெர்னா அதற்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சத்தத்தை நான் சொல்றேன், கேளுங்க," என்றாள். "பெருசுங்க எல்லாம் தொண்டைக்குள்ள கட்டையை உருட்டற மாதிரி கர்ர்ர்ன்னு கூப்பிடுது. நடுவுல சின்னதா விசில் சத்தம். கிய், கிய்ன்னு. இந்த வருஷத்துக் குஞ்சுங்க போல. அதுங்களுக்கு இன்னும் குரல் உடையலை. தாயி கர்ர்ருன்னா, குஞ்சு கிய்ங்குது. வழி தவறாம இருக்கறதுக்குப் பேசிக்கிட்டே போகுதுங்க."

"குஞ்சு விசிலடிக்குமா?" என்றான் ஹால்வர்.

"அடிக்குதே."

"பொறந்ததிலேர்ந்து என் தலைக்கு மேலதான் பறக்குது. குஞ்சு விசிலடிக்கும்னு எனக்குத் தெரியாதே." அவன் மறுபடியும் அண்ணாந்து பார்த்தான். "எனக்கு அதைக் கேக்கணும்மா."

கீழே மீன் உருண்டையெல்லாம் கருகிப்போயிருந்தது. ராக்னாவுக்குக் கோபமா, அழுகையா, சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை. கரண்டியோடு படியேறி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றாள்.

"யோவ் கிழவா. முன்னப்பின்ன தெரியாத பொம்பளைகிட்டச் சொல்ற, என்கிட்டச் சொல்ல வாய் வரலையா உனக்கு? படகை நிறுத்திருவேன்னு பயந்தியா? நீ சொல்லலைன்னாத்தான் நிறுத்தறதா இருந்தேன். இதுவே கடைசின்னு நினைச்சுக்கிட்டுத்தான் வந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு இவ்வளவு வருஷமா?"

ஹால்வர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் புரிந்தது என்று அவன் கண்ணிலேயே தெரிந்தது. "டாக்டர்கிட்டப் போறேன்," என்றான். "நீயும் வா. அவர் சொல்றது எனக்குக் கேக்காது."

ஓப்பல் அரைத்தூக்கத்தில் கேமராவோடு மேலே வந்து, "என்னது அது, வானம் முழுக்க," என்று ஆரம்பித்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடறீங்களா?" என்றாள் வெர்னா. "உங்க குடும்பச் சண்டையைக் கேக்கறதுக்கா நான் ஒஹாயோவிலேர்ந்து வந்தேன்?"

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசி நாரை தெற்கு மலையைத் தாண்டி, அதன் சத்தமும் தேயும்வரை ஒருவரும் அசையவில்லை. ராக்னா ஹால்வரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கருகின மீன் உருண்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டார்கள். அதைப் போல ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்று ஓப்பல் ஊருக்குப் போய்ச் சொன்னாளாம், அதை நான் நம்பவில்லை.

பனிக்காலம் பிறந்ததும் இருவரும் அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவுக்குப் போனார்கள். டாக்டர் சோதித்துவிட்டு, இதை மாட்டிக்கொண்டால் கேப்டன் வேலைக்கு ஒன்றும் வராது என்று இரண்டு காது மெஷின் கொடுத்தார். இத்தனை வருஷம் பயந்து செத்தது இதற்குத்தானா என்று ராக்னாவுக்கு வயிறு எரிந்தது. மெஷின் மாட்டின ஹால்வர் முதல் வாரம் வீட்டில் ஒருவரையும் இருக்க விடவில்லை. ஃபிரிட்ஜ் கத்துகிறது என்றான். உன் செருப்பு என்ன இந்தப் போடு போடுகிறது என்றான். துறையில் கஸ் வாயைத் திறந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "டேய், மெதுவாப் பேசித் தொலைடா," என்றான். கஸ் அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் ராக்னா லெஃப்சா ரொட்டிக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கை முழுக்க மாவு. துண்டைத் தேடிக்கொண்டு திரும்பினாள்.

நாற்காலி நகர்ந்தது. ஹால்வர் எழுந்து போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"ஆமா, சிக்னிதான். எந்த மாசமா? அது இருக்கட்டும், நீங்க பார்க்க வர்றீங்களா, கேக்க வர்றீங்களா?" கொஞ்ச நேரம் கேட்டான். "கேக்கணும்னா செப்டம்பர் கடைசி. அது எங்களுக்கு வேட்டை மாசம்தான். அது கிடக்குது, நீங்க வாங்க."

ராக்னா மாவுக்கையோடு அப்படியே நின்றாள்.

அந்தப் பக்கம் என்னவோ இரைந்து சொன்னார்கள் போலிருக்கிறது. ஹால்வர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்றான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது."